அரசு வழக்கறிஞர் யாருக்காக வாதாடுகிறார்? டெக்சாஸில் என் தோழியின் வழக்கு

டெக்சாஸில் அடிக்கும் கணவரிடமிருந்து பாதுகாப்பு ஆணை வேண்டும் என்றால், பெண்ணுக்காக மனுவைத் தாக்கல் செய்வது பெரும்பாலும் கவுண்டியின் (நம் மாவட்டம் போன்ற பகுதி) அரசு வழக்கறிஞர் அலுவலகம்தான். மனுதாரரிடம் கட்டணம் வாங்குவதில்லை. துணைவர் விசாவில் வந்து, கையில் காசில்லாமல் நிற்கும் பெண்ணுக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்பதைத் தோழிக்குத் துணையாகப் போனபோது பார்த்தேன். கணவரை விசாரிக்கும் முன்பே நீதிபதி 20 நாட்களுக்குத் தற்காலிக ஆணை தந்தார். அந்த அலுவலகத்தின் வழக்கறிஞர் பரிவோடு கேட்டதால், அவள் எதையும் ஒளிக்கவில்லை. மூத்த மகனையும் கணவர் பிடித்துத் தள்ளியதைச் சொன்னாள். அதன் பிறகும் பிள்ளைகளோடு அதே வீட்டுக்குத் திரும்பியதையும் சொன்னாள்.

சில வாரங்களில் குழந்தைகள் பாதுகாப்புத் துறை அவள்மீதே வழக்குத் தொடுத்தது. பிள்ளைகளைக் காக்கத் தவறினாள் என்பது குற்றச்சாட்டு. துறைக்காக வாதாட எழுந்தவர் அதே அலுவலகத்தின் இன்னொரு வழக்கறிஞர். “இவர்கள் எனக்காக வந்தவர்கள் இல்லையா, அக்கா?” என்று அவள் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை.

சட்டம் இதைத் தடுக்கவில்லை. அந்த மாநிலக் குடும்பச் சட்டத்தின் 81.0075 பிரிவு, தொழில் ஒழுக்க விதிகளுக்கு உட்பட்டு, இரண்டு வழக்குகளையும் ஒரே அரசு வழக்கறிஞர் நடத்தலாம் என்கிறது. சிறிய கவுண்டிகளில் ஆள் பற்றாக்குறை உண்டு, தெரியும். குழந்தைக்கு அடி விழுந்ததை அறிந்த எவரும் அங்கே புகார் செய்தே ஆக வேண்டும், சொந்த வழக்கறிஞருக்கும் விலக்கில்லை என்பதும் தெரியும். மறைக்கும்படி நான் யாருக்கும் சொல்லமாட்டேன். ஆனால் ஒரு தாய் நம்பிச் சொன்னதைக் கேட்ட அலுவலகமே, அவளிடமிருந்து பிள்ளைகளைப் பிரிக்க வாதாடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

கணவர்மீதான குற்ற வழக்கிலும் இதே சிக்கல்தான். அங்கே அவள் வெறும் சாட்சி, வழக்கு அரசுடையது. அவள் சொன்னதில் கணவருக்குச் சாதகமானது ஏதும் இருந்தால், அதை அவர் தரப்புக்குக் கொடுப்பது அரசு வழக்கறிஞரின் கடமை. அரசுத் தரப்பு தன்னிடமுள்ள ஆதாரங்களை எதிர்த்தரப்புக்குக் காட்ட வேண்டும் என்கிற மைக்கேல் மார்ட்டன் சட்டம், 2014 முதல் அதை இன்னும் இறுக்கியிருக்கிறது.

பிள்ளைகள் வழக்கில் வசதியற்ற பெற்றோருக்கு நீதிமன்றமே வழக்கறிஞரை நியமிக்கும். அப்படி வந்தவர் ஆட்சேபம் எழுப்பிய பிறகே அந்த அலுவலகம் விலகி, துறைக்கு வேறு வழக்கறிஞர் வந்தார். பிள்ளைகள் அவளிடமே இருக்கிறார்கள்.

இந்த நிலையில் இருக்கும் சகோதரிகள், முதல் சந்திப்பிலேயே இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்: “நீங்கள் என் வழக்கறிஞரா, அரசின் வழக்கறிஞரா? குழந்தைகள் துறைக்கும் உங்கள் அலுவலகம்தான் வாதாடுகிறதா?” பிந்தையதற்கு ஆம் என்றால், மேற்கொண்டு பேசும் முன் இலவசச் சட்ட உதவி மையத்தை அழையுங்கள். ஹூஸ்டன் பக்கம் இருப்பவர்களுக்குத் குடும்ப வன்முறையில் பாதிக்கப்பட்ட தெற்காசியர்களுக்காக இயங்கும் ‘தயா’ அமைப்பு இருக்கிறது.