கேஸ் மடக்குக் கத்தி, 6 புள்ளி: எந்த வருஷம்?

கேள்வி: கேஸ்ங்கற அமெரிக்கக் கத்தி கம்பெனியோட மூணு பிளேடு மடக்குக் கத்தி, பழைய சாமான் கடையில் கிடைச்சது. பெரிய பிளேடின் அடியில் 'கேஸ் எக்ஸ்எக்ஸ், மேட் இன் யு.எஸ்.ஏ.', அதுக்குக் கீழே 6 புள்ளி. எண் 6318. எந்தக் காலத்தது?

பதில் 1: 'கேஸ்'ல இருக்கற எஸ் எழுத்தைப் பாருங்க. சாதாரண வளைவுன்னா 1974. 1970ல 10 புள்ளி போட்டு, வருஷத்துக்கு ஒண்ணா குறைச்சாங்க. எஸ் மின்னல் மாதிரி ஒடிஞ்சு நின்னா 1984. 1980ல மறுபடி 10லேர்ந்து எண்ணினாங்க. புள்ளியே இல்லாம யு.எஸ்.ஏ. மட்டும் இருந்தா 1965-69.

பதில் 2: 6318ல முதல் 6 கைப்பிடி எதால ஆனதுங்கறது, 3 பிளேடு எண்ணிக்கை, 18 வடிவம். 6ன்னாலே எலும்புன்னு நம்பிடாதீங்க, டெல்ரின் பிளாஸ்டிக்கும் அதே எண்ணில் வந்திருக்கு. 10 மடங்கு லென்ஸில் எலும்புன்னா ஊசிக்குத்து மாதிரி நுண்துளை தெரியும். பிளாஸ்டிக் வழவழன்னு இருக்கும். சூடான ஊசியால குத்திப் பாக்கறதெல்லாம் வேண்டாம், தழும்பு போகாது.

பதில் 3: உப்புத்தாள் பக்கமே போகாதீங்க! ஒரு புள்ளி தேஞ்சு போனாலும் வருஷம் மாறிடும். மெஷின் எண்ணெய் தொட்ட பஞ்சால துருவைத் துடைச்சுட்டு, விளக்கைச் சாய்ச்சுப் பிடிச்சு எண்ணுங்க. புள்ளிகளுக்கு நடுவே இடைவெளி சமமா இல்லன்னா ஏதோ அழிஞ்சிருக்கலாம்.