நட்சத்திரம் ஒட்டினால்தான் வாய்ப்பாடா?

வணக்கம். திருகோணமலை, உப்புவெளிப் பக்கம் தரம் 4 பிள்ளைகளுக்குக் கணிதம் படிப்பிக்கிறேன். போன தவணை, ஏழாம் வாய்ப்பாட்டைத் தடுமாறாமல் சொன்னால் கொப்பியில் ஒரு நட்சத்திரம், ஐந்து சேர்ந்தால் டொபி என்றேன். இரண்டு கிழமை வகுப்பே திருவிழாதான். அப்புறம்? "ரீச்சர், இதுக்கு எத்தனை ஸ்டார்?" என்று கேட்காமல் ஒருவரும் பென்சிலைத் தொடுவதில்லை.

1973இல் உளவியலாளர் மார்க் லெப்பர் குழுவினர் அமெரிக்காவில் செய்த ஆய்வு நினைவுக்கு வந்தது. பரிசு தருவதாகச் சொல்லி வரையவைத்த சிறுவர்கள், பிறகு தாமாக வரைவது குறைந்துபோனது. எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களிடம் அந்தக் குறைவு இல்லை.

ஆனாலும் கொண்டாட்டத்தைக் கைவிட மனமில்லை. பின்வாங்கில் வாயே திறக்காத ஒருவன் "ஏழெட்டு ஐம்பத்தாறு" என்றதும் எல்லோரும் கைதட்டினார்கள். வெட்கத்தில் மேசைக்குக் கீழே குனிந்துகொண்டான். டொபி கொடுக்க மறந்துவிட்டேன். அவன் கேட்கவும் இல்லை.

டொபியை எப்படி மெல்ல நிறுத்துவது? வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் பாட்டு, கடற்கரையில் சிப்பி பொறுக்கிக் கணக்குப் பார்ப்பது, இப்படி ஏதாவது செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். 38 பிள்ளைகள். டொபி வாங்கியே என் சம்பளமும் கரைகிறது!