காலனைசேஷன்: குடியேற்றமா, உறைவா, குடிகொள்ளலா?

அன்பு நண்பர்களே,

செவிலியர் பாடக்குறிப்பு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. கிருமி நோய் தராமல் உடலில் தங்கிப் பெருகுவதைக் குறிக்கும் 'காலனைசேஷன்' என்பதற்கு ஒரு தமிழ்ச்சொல் தாருங்கள். ஏறத்தாழ பத்தில் மூன்று பேருடைய மூக்கில் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமி ஒட்டிப் பெருகித் தங்கியிருக்கும். அவர்களுக்கு நோய் எதுவும் இல்லை. அதே கிருமி அறுவைக் காயம் வழியாக இரத்தத்தில் கலந்தால் உயிருக்கே ஆபத்து. பழைய குறிப்பில் இரண்டுமே 'தொற்று'. அதைப் படிக்கும் மாணவிகள், மூக்கில் கிருமி தெரிந்தாலே காய்ச்சல் மருந்து தொடங்கலாம் என்று எழுதுகிறார்கள்.

— குடியேற்றம். எல்லாருக்கும் புரியும்.

— குடியேறுவது தன்வினை, குடியேற்றுவது பிறவினை. கிருமியை யாரும் கொண்டுபோய் வைப்பதில்லையே. 'புலம்பெயர் மாக்கள் கலந்தினிது உறையும்' என்று பட்டினப்பாலை புகாரைப் பாடுகிறது. வெளியிலிருந்து வந்து தீங்கின்றிக் கூடி வாழ்வது. 'உறைவு' என்போம்.

— ஐயா, ஆடு ஆட்டம், ஓடு ஓட்டம், மாறு மாற்றம். ஏறு என்ற தன்வினையும் அப்படியே 'ஏற்றம்' ஆகும், பிறவினை தேவையில்லை. 'உறைவு' வேண்டவே வேண்டாம். வார்டில் உறைவு என்றால் இரத்த உறைவுதான். அங்கே குழப்பம் வந்தால் நோயாளிக்குத்தான் கேடு.

— யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். எங்களுக்குக் குடியேற்றம் என்றதும், கிழக்கிலங்கையில் அரசு சிங்களவரைக் குடியேற்றிய கல்லோயாத் திட்டம்தான் நினைவுக்கு வரும். அந்தச் சொல்லில் அவ்வளவு வலி இருக்கிறது. 'குடிகொள்ளல்' என்று வையுங்கள்.

— 'நோய் குடிகொண்ட உடம்பு' என்று முன்பே வழக்கு உண்டே! நோயில்லாத நிலைக்கு அது எப்படிப் பொருந்தும்? இன்னொன்று: ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி யூரியேஸ் நொதியால் அம்மோனியா உண்டாக்கி, அமிலத்தைத் தணித்து, இரைப்பையில் ஆண்டுக்கணக்கில் இருக்கிறது. பெரும்பாலோருக்குப் புண் வருவதில்லை, ஆனால் இரைப்பைச் சுவரில் அழற்சி இருக்கும். இது குடியேற்றமா, தொற்றா? 2005 நோபல் பரிசு மார்ஷலுக்கும் வாரனுக்கும் கிடைத்தது, அந்தக் கிருமியே அழற்சிக்கும் புண்ணுக்கும் காரணம் என்று காட்டியதற்குத்தான்.

— ஹெலிகோபாக்டரைத் தொற்று என்றே எழுதுகிறேன், அழற்சி இருக்கிறதே. மற்றதற்குக் 'குடியேற்றம்'. பக்கத்திலேயே 'கிருமி தங்கியிருக்கிறது, நோய் இல்லை' என்று ஒரு வரியும் சேர்க்கிறேன். அனைவருக்கும் நன்றி.

— அச்சில் போகட்டும் அம்மா. ஆனால் இங்கே யாழ்ப்பாணத்தில் என் வகுப்பில் 'குடிகொள்ளல்' என்றுதான் சொல்லிக்கொடுப்பேன்.