பார்வை நரம்பு வீக்கம்: ஆபரேஷன் வரை போன அனுபவம்

குனிந்து செருப்பு வாரை மாட்டிவிட்டு நிமிர்ந்தால் வலது கண் நாலைந்து நொடி இருட்டிக்கொண்டு வரும். பசிக் கிறக்கம் என்றுதான் நினைத்தேன். ராத்திரி தலையணையில் காதை வைத்தால் நாடியோடு சேர்ந்து 'உஷ்... உஷ்...' என்று ஒரு சத்தம். இரண்டும் ஒரே நோயின் அறிகுறி என்று எனக்கு எப்படித் தெரியும்?

கண்ணாடி மாற்றத்தான் டாக்டரிடம் போனேன். "ரெண்டு கண்ணுலயும் நரம்பு வீங்கியிருக்கு, இன்னைக்கே ஸ்கேன் எடுங்க" என்றார். கட்டி இல்லை. முதுகில் ஊசி போட்டுப் பார்த்ததில் மூளையைச் சுற்றியுள்ள நீரின் அழுத்தம் 38 செ.மீ. 25-க்கு மேல் போனாலே அதிகமாம்.

இந்த நீர் பார்வை நரம்பின் உறைக்குள்ளும் இருக்கிறது. அழுத்தம் ஏறினால் உறை உப்பி நரம்பை நெரிக்கும், அங்கே ரத்த ஓட்டமும் தடுமாறும். அந்த நொடிநேர இருட்டு அதனால்தான்.

அழுத்தத்தைக் குறைக்கக் கொடுத்த அசிட்டசோலமைடு மாத்திரையில் விரல் நுனியெல்லாம் குறுகுறுத்தது, சோடா குடித்தால் தகர ருசி. அப்படியும் பார்வைப் புலச் சோதனையில் (ஒளிப்புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்த வேண்டும்) பல புள்ளிகள் வந்துபோனதே தெரியவில்லை. பொத்தான் மேல் விரலை வைத்தபடி சும்மா உட்கார்ந்திருந்தேன். உடனே ஆபரேஷன். மூக்குப் பக்கத் தசையை விடுவித்து, விழிக்குப் பின்னால் நரம்பின் உறையில், நீர் வடிய, சின்னதாக ஒரு ஜன்னல் வெட்டினார்கள். பிறகு இரண்டு வாரம் எல்லாமே இரண்டிரண்டாகத் தெரிந்தது. தசையைத் திரும்பத் தைப்பதால் அப்படி ஆகலாம் என்று முன்பே சொல்லியிருந்தால் அவ்வளவு அழுதிருக்க மாட்டேன்.

*

அக்கா, எங்க அப்பாவுக்கும் 'நரம்பு வீக்கம்'தான், ஆனா கதையே வேற. 64 வயசு, சர்க்கரை, பிபி. ஒருநாள் காலையில எழுந்ததும் இடது கண்ணுல கீழ்ப்பாதி மங்கலா இருந்தது. வலியே இல்லை. "உறையைத் திறந்து விடுங்க டாக்டர்"னு நானே மல்லுக்கட்டினேன். அவர் அப்பாகிட்ட, மெல்லும்போது தாடை வலிக்குதா, தலை வாரும்போது வலிக்குதான்னு கேட்டார். ரத்தக்குழாய் அழற்சியா இருந்தா அன்னைக்கே ஸ்டீராய்டு தொடங்கணுமாம். ரத்தப் பரிசோதனையில அது இல்லைன்னு தெரிஞ்சது.

அப்பாவுக்கு நரம்போட முனைக்குப் போற நுண்ணிய தமனிகள்ல ஓட்டம் குறைஞ்சதுதான் காரணம். நீர் அழுத்தமே ஏறாதப்போ உறையை வெட்டி என்ன பலன்? அப்பா மாதிரி நோயாளிகளுக்கு இந்த ஆபரேஷன் பண்ணிப் பார்த்து 1995-ல அமெரிக்காவுல வெளியான ஆய்வைக் காட்டினார். ஆறு மாசத்துல கண் பரிசோதனை எழுத்துப் பலகையில மூணு வரி அல்லது அதுக்கு மேல பார்வை இழந்தவங்க, ஆபரேஷன் பண்ணினவங்கள்ல சுமார் 24%, பண்ணாம கவனிச்சு வந்தவங்கள்ல 12%. எனக்குப் பேச்சே வரலை.

உங்களுக்குத் தலைவலி நின்னுடுச்சா?

*

இல்லை தம்பி. ஆபரேஷன் பார்வையைக் காப்பாத்தத்தான். தலைவலிக்கு மாத்திரையும் எடைக் குறைப்பும் தொடருது, 9 கிலோ குறைச்சிருக்கேன். போன வாரச் சோதனையில மூக்கோரப் புள்ளிகள் தெரிஞ்சது, ஒண்ணு விடாம அழுத்தினேன்.

அப்பா பலமா குறட்டை விடுவாரா? தூக்கத்துல மூச்சு தடைபடுதான்னு ஒருதரம் பார்க்கச் சொல்லுங்க. என்கிட்டயும் அதைக் கேட்டாங்க.