மே மாதம் தூத்துக்குடியில் தூண்டில் போடலாமா?

குன்னூர்வாசி:
மே முதல் வாரம் தூத்துக்குடி போகிறேன். ஊட்டிப் பக்கம் டிரவுட் மீன் பிடித்த பழக்கம்தான், கடல் புதிது. மீன்பிடித் தடைக்காலமாமே, படகு கிடைக்குமா?

கோத்தகிரி அண்ணாச்சி:
தம்பி, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுக்குத்தான் தடை, நாட்டுப்படகுக்கு இல்லை. ஆனாலும் நான் கரையைத்தான் சொல்வேன். விடியும்போதே இடம் பிடித்துவிடுங்கள். வெயில் ஏறினால் மேல்தண்ணீர் சூடாகி மீன் ஆழத்துக்கு இறங்கிவிடும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீரோட்டம் வலுக்கும், பாரை மீன் அப்போது இரை தேடி வரும். சீலா மீன் வந்தால் பல்லாலேயே நரம்பை, அதாவது தூண்டில் கயிற்றை, அறுத்துவிடும், தூண்டில் முள்ளுக்கு மேல் ஒரு சாண் கம்பி கட்டுங்கள். டிரவுட் நரம்பு? வீட்டிலேயே இருக்கட்டும்.

குன்னூர்வாசி:
சரி அண்ணாச்சி. நரம்பு சுற்றும் ரீல் பழையதே போதுமா?

ஊட்டி தூண்டில்காரன்:
போதும். தினமும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள், உப்பு தின்றுவிடும். அப்புறம், கச்சான் என்கிற மேல்காற்று கிளம்பினால் படகு ஆசையே வேண்டாம்.