நாலடி மீன்தொட்டி ஸ்டாண்டு: எந்த மரம், எத்தனை கன அடி?

தொட்டிக்காரன், அஸ்தம்பட்டி

வணக்கம். தொட்டி 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். 10 மி.மீ. கண்ணாடி, அடியில் பிளாஸ்டிக் விளிம்பு கிடையாது. 30 அங்குல உயரத்துல மர ஸ்டாண்டு செய்யணும். நாட்டுத் தேக்குல மூன்றரை கன அடி ஆகும்னு ஆசாரி எழுதிக் கொடுத்திருக்கார். மரவாடியில் கன அடிக்குச் சொன்ன விலை: நாட்டுத் தேக்கு 3,000, வேம்பு 1,000, சில்வர் ஓக் 650. தேக்குன்னா மரம் மட்டுமே 10,500 வருது. சில்வர் ஓக் தாங்குமா? மூன்றரை கன அடி நிஜமாவே வேணுமா?

இழைப்புளி

எடையிலிருந்து வாங்க. 4 × 1.5 × 1.5 = 9 கன அடி. கன அடிக்கு 28.3 லிட்டர், ஆக விளிம்பு வரை நிரப்பினா 255 கிலோ. 10 மி.மீ. கண்ணாடி சதுர மீட்டருக்கு 25 கிலோ. உங்க தொட்டிக்கு 22½ சதுர அடி, சுமார் 52 கிலோ. மணல், கல்லுக்கு 40 போடுங்க. மொத்தம் 350 கிலோ. ஆறு கால் வெச்சா ஒரு காலுக்கு 60 கிலோ கூட இல்லை. நெட்டுக்குத்தா நிக்கிற 3×2 அங்குல சில்வர் ஓக் கட்டைக்கு இது ஒண்ணுமே இல்லைங்க. தேக்கு அழகுக்கு வேணும்னா போடுங்க, பலத்துக்காக வேண்டாம்.

இப்ப அளவு. எல்லாமே 3×2 அங்குலம்:

நீளச் சட்டம் 4 அடி, மேலே 2, கீழே 2.
குறுக்குச் சட்டம் 14½ அங்குலம், மேலே 3, கீழே 3.
கால் 25¼ அங்குலம், 6. ரெண்டு முனையிலும் ஒரு அங்குலக் கழுந்து (சட்டத்துத் துளைக்குள்ளே போற முனை) சேர்த்த அளவு.

வாங்கும்போது 9 அடியில் 2, 7 அடியில் 2, ஏழரை அடியில் 1. வளைஞ்சிருந்தா மாத்த ஒரு 7 அடி உபரி. மொத்தம் 46½ அடி. அகலம் அங்குலம் × கனம் அங்குலம் × நீளம் அடி ÷ 144. அதாவது 3 × 2 × 46½ ÷ 144 = 1.94 கன அடி. சில்வர் ஓக்னா 1,260 ரூபாய், வேம்புன்னா 1,940, தேக்குன்னா 5,820. எல்லாத்தையும் 3×3 ஆக்கினாலும் 2.9 தான் வரும். மூன்றரைக்கு என்ன கணக்குன்னு ஆசாரிகிட்டயே கேளுங்க.

ரெண்டு 4 அடிக்கு 8 அடிக் கட்டை போதாது. ரம்பம் தின்னும், முனையில வெடிப்பு இருக்கும். அதனாலதான் 9. இன்னொண்ணு, விலை போடுறது அறுத்த அளவுக்கு. இழைச்ச பிறகு 3×2 கையில நிக்கிறது 2¾ × 1¾ தான். அது ஏமாத்து வேலை இல்லை, வழக்கம்.

மிளகுக்கொடி, ஏற்காடு

மேலே சொன்ன கணக்கு சரி. ஆனா சில்வர் ஓக்ல பிரச்சினை பலம் இல்லைங்க, ஈரம். இங்கே காபித் தோட்டத்துல நிழலுக்கு நிக்கிற மரம், வெட்டினதும் அறுத்துக் கீழே இறங்கிடும். அந்த ஈரத்தோட சட்டம் பூட்டினா சேலம் வெயிலுக்கு ரெண்டே மாசத்துல முறுக்கும். நாலு மூலையில ஒண்ணு எழும்பினாலும் கண்ணாடியில சிலிக்கான் ஒட்டு இழுபடும். தொட்டி கசியறதுக்கு ஸ்டாண்டு உடையவே வேண்டியதில்லை.

ஈரமானி இருந்தா 15 சதவீதத்துக்குக் கீழே பார்த்து எடுங்க. இல்லைன்னா ஒரு துண்டை அறுத்து வாங்கி, வீட்டுத் தராசுல நாலு நாளைக்கொருக்கா எடை போடுங்க. குறைஞ்சுக்கிட்டே வந்தா இன்னும் காயலைன்னு அர்த்தம். காய வைக்கும்போது நிழல்ல, கட்டைக்கு நடுவுல ரீப்பர் (மெல்லிய பட்டைக் கட்டை) கொடுத்து அடுக்கி, முனைகள்ல மட்டும் பழைய பெயிண்ட் தடவுங்க.

வெளிர்ந்த பகுதியில வண்டு துளைக்கும். வேம்புலயும் அப்படித்தான், சேகு (நடுவுல இருக்கிற வைரம்) நிக்கும், சுத்தியிருக்கிற வெளுப்பு உளுத்துப் போகும். கட்டையில குண்டூசி அளவு ஓட்டையும் கீழே மாவு மாதிரித் தூளும் தெரிஞ்சா விலை குறைச்சாலும் தொடாதீங்க.

தொட்டிக்காரன், அஸ்தம்பட்டி

நன்றிங்க. ஒரு அறுவை மில்லுல சில்வர் ஓக் உருளையாவே இருக்கு. சுற்றளவு 40 அங்குலம், நீளம் 8 அடி, கன அடி 400. அறுத்துக்கிட்டா மலிவுதானே?

இழைப்புளி

வேண்டாம். உருளைக்குக் கால் சுற்றளவுக் கணக்கு: 40ல் நாலில் ஒண்ணு 10; 10 × 10 × 8 ÷ 144 = 5.56 கன அடி, 2,220 ரூபாய். இந்தக் கணக்கு நிஜக் கொள்ளளவுல 78 சதவீதம்தான், அதனால வாங்குறவருக்குச் சாதகமாத் தெரியும். பட்டை, ஓரச்சக்கை, மரத்தூள் போக பாதியளவு நல்ல கட்டை வந்தாலே பெரிசு. அறுவைக் கூலி தனி. போதாக்குறைக்கு 8 அடி, முழு ஈரம். உங்களுக்கு வேண்டியது 2 கன அடி.

மிளகுக்கொடி, ஏற்காடு

மலையிலிருந்து தெரிஞ்சவங்க மூலமா நேரா இறக்கலாம்னும் யோசிக்காதீங்க. மரம் வெட்ட இங்கே அனுமதி வேணும். மரவாடி பில்லோட வாங்குங்க.

வெல்டிங் பட்டறை

ஒன்றரை அங்குல ஸ்கொயர் பைப்புல முடிச்சா இவ்வளவு பேச்சே இல்லையே?

இழைப்புளி

அவர் கேட்டது மரம் அண்ணா. பைப்புலயும் நாலு காலும் மட்டமா நிக்கணுமே, வெல்டிங் இழுக்காதா?

தொட்டிக்காரன், அஸ்தம்பட்டி

ஆசாரிகிட்ட கேட்டுட்டேன். முன்னால ரெண்டு கதவு, சுத்திப் பட்டை எல்லாம் தேக்குலயே போட்ட கணக்காம். அதை விட்டுட்டேன். வேம்புக்கே போறேன், காய்ஞ்ச கட்டை கிடைச்சிருக்கு. பூட்டறதுல எதைக் கவனிக்கணும்?

இழைப்புளி

நீளச் சட்டத்தை 3 அங்குலப் பக்கம் நிமிர்ந்து நிக்கிற மாதிரி வைக்கச் சொல்லுங்க; படுக்க வெச்சதைவிட ரெண்டே கால் மடங்கு விறைப்பு. மேல்சட்டம் கால் தலைமேல உக்காரணும். பக்கவாட்டுல ஒட்டி ஸ்க்ரூ போட்டா அத்தனை எடையும் ஸ்க்ரூல தொங்கும். வேம்பு பிளக்கும், துளை போட்டுத்தான் ஸ்க்ரூ ஏத்தணும். பின்பக்கம் 9 மி.மீ. பிளைவுட் அடிச்சா பக்கவாட்டு ஆட்டம் நிக்கும். முன்னாலயும் பின்னாலயும் நடுக்கால் வர்றதால, உள்ளே பெரிய ஃபில்டர் தொட்டி வைக்கிறதா இருந்தா அது எந்தப் பக்கமா உள்ளே போகும்னு பூட்டும் முன்னாடியே பார்த்துக்குங்க.

மேல்பலகை 19 மி.மீ. பிளைவுட், ஐஎஸ் 710 (தண்ணி தாங்குற மரைன் பிளைவுட்) முத்திரை பார்த்து. மரத்தூள், சிலும்பை அழுத்திச் செய்யிற எம்டிஎஃப், பார்ட்டிகிள் போர்டு வேண்டவே வேண்டாம், ஒருதரம் தண்ணி சிந்தினாலே ஊதிடும். விளிம்பில்லாத தொட்டிங்கிறதால பலகைமேல 10 மி.மீ. தெர்மாகோல். ரசமட்டத்தை நீளம், அகலம், குறுக்குக்குறுக்கா வெச்சுப் பாருங்க. பாதி நிரப்பி ஒருநாள் விட்டு மறுபடி பாருங்க. சரிஞ்சிருந்தா தண்ணியை இறக்கிட்டுத்தான் காலுக்கடியில ஆப்பு வைக்கணும்.