ரெண்டேகால் லட்சத்து வாளுக்குள்ளை ஒரு வெள்ளைப் பிளாஸ்ரிக் சக்கரம்

ஒட்டுசுட்டான் பெடியன்:
நேற்று விறகு விலை பற்றின இழையிலை வாள் திருத்திற எங்கடை பழைய பாஸ் அண்ணை இப்பிடி எழுதியிருந்தார்: "முப்பத்தையாயிரத்துக்கு மரம் அரியிற சீனா மெசின் வாள் வாங்கிறவன் மூண்டு வருசத்திலை ஆறு வாள் வாங்குவான். ஜெர்மன்காரன்ரையோ சுவீடன்காரன்ரையோ வாங்கினவன் பேரனுக்கும் குடுத்திட்டுப் போவான்." வாசிச்சாப்போலை எனக்குச் சோறு இறங்கேல்லை.

என்ரை பெரியப்பா அப்பிடியொரு செயின்சோ வாங்கி ஒண்டரை வருசம். 225,000 ரூபா. கொம்பனிப் பேர் சொல்லேல்லை, வம்பு வேண்டாம். போன கிழமை பாலை மரக் குத்தி ஒண்டை அரிஞ்சுகொண்டு நிக்கேக்கை செயின் புகைக்குது, செயின் ஓடுற பார்த் தகட்டின்ரை ஓரம் நீலமாப் போச்சு. ராங்கிலை ஒயில் நிரம்ப இருக்கு, செயினுக்கு ஒரு சொட்டு வரேல்லை. கிளச்சைக் கழட்டிப் பார்த்தால் ஒயில் பம்பைச் சுத்துற சக்கரம் வெள்ளைப் பிளாஸ்ரிக். பல்லெல்லாம் வழிச்சுப்போட்டுது. கிணத்தடியிலை கிடந்து தேஞ்ச சவர்க்காரத் துண்டு மாதிரிக் கிடக்கு.

வீட்டை வந்து என்ரை 34,000 ரூபாச் சீனா வாளையும் கழட்டினன். உள்ளுக்கை அதே வெள்ளைப் பிளாஸ்ரிக் சக்கரம். அப்ப மிச்ச 191,000 ரூபா எங்கை போனது எண்டு பாஸ் அண்ணை சொல்லுவாரோ?

பழைய பாஸ்:
தம்பி, பெரியப்பா செயினுக்கு என்ன ஒயில் விட்டவர்? அதை மட்டும் ஏன் எழுதாமல் விட்டனீர்?

ஒட்டுசுட்டான் பெடியன்:
எல்லாரும் விடுற ஒயில்தான்.

பழைய பாஸ்:
"எல்லாரும் விடுறது." உழவு மெசினிலை இருந்து வடிச்ச கறுத்த ஒயில் எண்டு எழுத வெக்கமாக்கிடக்கோ?

கேளும். அந்தப் பம்புக்குள்ளை விரல் நுனியளவு ஒரு உருக்குத் துண்டு சுத்திக்கொண்டு முன்னும் பின்னும் போய் வரும். அதுதான் ஒயிலைத் தள்ளுறது. அதைச் சுத்துறது உம்மடை வெள்ளைச் சக்கரம். கழிவு ஒயிலுக்குள்ளை எஞ்சின் தேஞ்ச இரும்புத் தூள் இருக்கு, கரி இருக்கு. அதோடை மரத்தூளும் சேர்ந்தால் களி. களி இறுகினால் ஏதோ ஒண்டு உடையத்தான் வேணும். சக்கரம் உடைஞ்சால் சக்கரத்தோடை போகும். சக்கரமும் இரும்பெண்டால் பம்பு போகும். வீட்டிலை பியூஸ் கம்பி ஏன் மெல்லிசாப் போடுறது எண்டு யோசிச்சுப் பாரும். மாங்குளத்திலை இருபத்தாறு வருசமா உந்த வாளுகளைக் கழட்டிப் பூட்டுறன். நல்ல ஒயில் விட்டவன்ரை வெள்ளைச் சக்கரம் தேஞ்சதை இன்னும் காணேல்லை.

ஒட்டுசுட்டான் பெடியன்:
பியூஸ் கம்பி இருபது ரூபா அண்ணை. உந்தச் சக்கரத்துக்குக் கிளிநொச்சியிலை 4,800 கேட்டவங்கள். அதுவும் "ஓடர் பண்ணோணும், ரெண்டு கிழமை" எண்டு. பிளாஸ்ரிக், பிளாஸ்ரிக்தான்.

ரொறன்ரோ மாமா:
பிள்ளையள், பிராண்டின்ரை வரலாறு தெரியாமல் கதைக்கக் கூடாது. ஜெர்மன்காரன்ரை ஸ்டீல் எண்ட வாள் கொம்பனியை அந்திரேயாஸ் ஸ்டீல் எண்டவர் ஸ்ருற்காட்டிலை தொடங்கினது 1926. 1959இலை அவங்கள் விட்ட கொன்ட்ரா எண்ட வாள் கியர்ப் பெட்டி இல்லாமல் எஞ்சினிலை இருந்து நேராச் செயினைச் சுத்தினது. சுவீடன்காரன்ரை ஹுஸ்க்வானா 1689இலை துவக்குச் செய்யத் தொடங்கின கொம்பனி. இவ்வளவு பழைய ஆக்களுக்கு எங்கை பிளாஸ்ரிக் போடோணும், எங்கை போடக் கூடாது எண்டு தெரியாதோ? நான் 1994இலை வாங்கின வாள் இண்டைக்கும் ரெண்டாவது இழுவையிலை ஸ்ரார்ட் ஆகும்.

ஒட்டுசுட்டான் பெடியன்:
மாமா, உங்கடை வாள் காத்துக்கு விழுந்த மேப்பிள் கொப்பை வருசத்துக்கு ரெண்டு தரம் வெட்டுது. மிச்ச நாள் கராஜிலை போர்த்துமூடிக்கொண்டு நித்திரை. இஞ்சை பாலை. அந்தக் கட்டையைக் குளத்திலை போட்டால் தாழும். மிதக்கிற மரம் வெட்டுறவை தாழுற மரத்தைப் பற்றிக் கதைக்கப்படாது.

துவக்குக் கொம்பனி எண்டு சொன்னது நல்லாயிருக்கு. துவக்குக்குள்ளையும் வெள்ளைச் சக்கரம் போட்டவங்களோ?

மரக்காலை மருமகள்:
எல்லாரும் கொஞ்சம் பொறுங்கோ. பெறுமதி, பெறுமதி எண்டு கதைக்கிறியள், ஆருக்குப் பெறுமதி? வீட்டு அடுப்புக்கு மாசத்திலை ஒருக்கால் விறகு கொத்துறவருக்கோ, விடியத் தொடங்கிப் பொழுதுபட மட்டும் அரியிறவருக்கோ? எங்கடை மரக்காலையிலை நான்தான் கணக்கு. வாள் ஒரு நாள் நிண்டால் ரெண்டு வேலையாளின்ரை கூலி சும்மா போகும், லொறிக்காரன் வாசல்லை நிண்டு பேசுவான். அந்தக் காசையும் சேர்த்துத்தானே வாளின்ரை விலையைப் பார்க்கோணும்? 2022இலை டொலர் 200இலையிருந்து 360க்குப் போனாப்போலை விலைகூடின வாளின்ரை ஒரு காபரேட்டர் கிற் வாங்கிற காசுக்கு முந்தின வருசம் ரெண்டு வாங்கியிருப்பம். அதுவும் கணக்கிலை வரும். முதல் எந்த வேலைக்கு எண்டு தீர்மானிச்சுப்போட்டுச் சண்டை பிடியுங்கோ.

பழைய பாஸ்:
தங்கச்சி நல்லாச் சொல்லுறா. ஆனால் இப்ப கேள்வி ஒயில்.

ஒட்டுசுட்டான் பெடியன்:
கேள்வி ஒயில் இல்லை. பிளாஸ்ரிக்.

இலக்கணச் சித்தர்:
செயின்சோ, மெசின் வாள் என்றெல்லாம் எழுதுகிறீர்கள். சங்கிலிவாள் என்று அழகான தமிழ்ச் சொல் இருக்கிறதே? "வழிச்சுப்போட்டுது" என்பதும் "மழுங்கிவிட்டது" என்றல்லவா வரவேண்டும்?

ஒட்டுசுட்டான் பெடியன்:
சித்தர் ஐயா, கடையிலை போய்ச் "சங்கிலிவாள் தாங்கோ" எண்டு கேட்டுப் பாருங்கோ. நகைக்கடைக்கு வழி காட்டுவாங்கள்.

முழங்காவிலான்:
😂😂
யுத்தகாலத் தடையிலை பெற்றோல் இல்லாமல் மண்ணெண்ணெயிலை வாள் ஓட்டின சனம் நாங்கள். பிளக்கைக் கழட்டிச் சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் பண்ணிப்போட்டு, பேந்து மண்ணெண்ணெய். அப்ப ஆர் ஒயில் பார்த்தது, ஆர் பிளாஸ்ரிக் பார்த்தது? வாள் ஓடினதுதானே.

பழைய பாஸ்:
ஓடினது. எத்தினை நாள் ஓடினது எண்டதையும் சொல்லும். பிஸ்ரன் தலை அரிச்சுக் கறையான் புத்து மாதிரி வந்த வாளுகளைத் திறந்தவன் நான். சிலிண்டருக்குள்ளை விரலை விட்டால் வரிவரியாத் தட்டுப்படும். அந்தக் காலத்துக் கஷ்ரத்துக்குச் செய்ததை இந்தக் காலத்துக்குப் பெருமையாக் கதைக்கக் கூடாது.

இன்னொரு விசயம். பெற்றோலுக்கு ஒயில் கலக்கிறதை இஞ்சை எல்லாரும் போத்தில் மூடியாலை அளக்கிறியள். கொம்பனி சொல்லுற நல்ல ரூ ஸ்ட்ரோக் ஒயில் எண்டால் ஐம்பதுக்கு ஒண்டு, லீற்றருக்கு 20 மில்லி. மற்ற ஒயிலுக்கு இருபத்தைஞ்சுக்கு ஒண்டு எண்டும் சில புத்தகத்திலை போட்டிருக்கு, அது 40 மில்லி. எந்த மூடி 20, எந்த மூடி 40 எண்டு உங்களிலை ஒருத்தருக்கும் தெரியாது.

ஒட்டுசுட்டான் பெடியன்:
கேட்டது செயினுக்கு ஒயில் தள்ளுற சக்கரம். அவர் பெற்றோலுக்குக் கலக்கிற ஒயிலுக்குப் போட்டார். வெள்ளைச் சக்கரத்துக்கு மறுமொழி இல்லாட்டி மற்ற எல்லா ஒயிலையும் கதைப்பார்.

பழைய பாஸ்:
மறுமொழி தந்தாச்சு. விளங்காட்டி என்ரை பிழையில்லை. 191,000 எங்கை போனது எண்டு கேட்டனீர். கேளும்.

பெரியப்பாவின்ரை வாளின்ரை எஞ்சின் பெட்டி மக்னீசியம். சீனா வாளுகள் எல்லாத்திலையும் அப்பிடி வாறதில்லை. பிடியைப் பாரும், எஞ்சினோடை நேரா இறுக்கேல்லை, ஸ்பிரிங்கிலையும் ரப்பரிலையும் தொங்குது. நாள் முழுக்க அரிஞ்சுபோட்டுப் பின்னேரம் தேத்தண்ணிக் கோப்பை பிடிக்கேக்கை கை நடுங்குதோ இல்லையோ எண்டு பார்த்தால் அந்தக் காசு எங்கை போனது எண்டு தெரியும். எனக்கு வலக்கை ரெண்டு விரல் விறைப்பு இண்டைக்கும் இருக்கு. அது மலிஞ்ச வாள் தந்தது. பிறகு செயின் பிறேக். கட்டையிலை பார் நுனி முட்டி வாள் முகத்துக்குத் தூக்கியெறியேக்கை, பேருக்குப் பூட்டின பிறேக் பிடிக்குமோ எண்டு நீரே நிண்டு பாரும், நான் தள்ளி நிக்கிறன். பத்து வருசத்துப் பழைய மொடலுக்கும் உதிரிப்பாகம் எடுக்கலாம். உம்மடை சீனா வாளுக்கு அடுத்த வருசம் அதே பேரிலை வாறது வேறை வாள். பழைய ஆணி புது ஓட்டைக்குப் பூராது. ஸ்ரிக்கரிலை எஞ்சின் 58 சிசி எண்டு இருக்கும். உள்ளுக்கை அளந்து பார்த்தனீரோ?

ஒட்டுசுட்டான் பெடியன்:
பிடி, பிறேக், ஸ்ரிக்கர். சக்கரம் எங்கை அண்ணை?

மரக்காலை மருமகள்:
என்ரை கேள்விக்கு ஒருத்தரும் பதில் சொல்லேல்லை. பரவாயில்லை.

இன்னொண்டு சொல்லுறன், உங்கடை ரெண்டு வாளுக்கும் பொது. சண்டை நடந்த புதுக்குடியிருப்புப் பக்கத்து மரம் வந்தால் நாங்கள் விலை குறைச்சுத்தான் எடுப்பம். போன மாசமும் ஒரு வேம்பு. வெளியிலை பட்டை வடிவா மூடியிருக்கு. நடுவிலை செல் துண்டு, கட்டைவிரல் பருமன். சுத்தவரக் கட்டை கறுப்பாக் கிடந்தது. செயினிலை பதினொரு பல்லு ஒரேயடியாப் போச்சு. அதுக்கு ஜெர்மன் எண்டும் இல்லை, சீனா எண்டும் இல்லை.

முழங்காவிலான்:
உண்மை அக்கா. எங்கடை வளவு முதிரையிலையும் ரெண்டு சன்னம் எடுத்தம். அப்பா அதைப் பேணியிலை போட்டு வைச்சிருக்கிறார்.

ரொறன்ரோ மாமா:
செயினையும் லேசா நினையாதையுங்கோ. 1947இலை ஜோ கொக்ஸ் எண்டவர் மரத்தைத் தின்னுற வண்டுப் புழுவின்ரை வாயைப் பார்த்துத்தான் இப்ப இருக்கிற மாதிரிப் பல்லைச் செய்தவர். இஞ்சை உள்ள காட்டிலை எல்லாம்

ஒட்டுசுட்டான் பெடியன்:
மாமா, புழுவுக்குப் பிளாஸ்ரிக் பல்லோ?

பழைய பாஸ்:
தம்பிக்கு வாய் மட்டும் ஜெர்மன் தரம்.

வாய் இருக்கிற ஆளுக்கு ஞாபகமும் இருக்கோணும். போன ஆடியிலை பிளக் மாத்தி, செயின் தீட்டிக் குடுத்தன். 850 ரூபா. "பின்னேரம் வாறன் அண்ணை" எண்டு போனவர். எந்த ஆடிப் பின்னேரம் எண்டு தெரியேல்லை.

ஒட்டுசுட்டான் பெடியன்:
உங்கை எழுதுற கதையோ அது? அந்தச் செயினை உருண்டை அரத்தாலை ஒரு பக்கம் கூடத் தீட்டி, வாள் வளைஞ்சு வளைஞ்சு போனது. முதிரைப் பலகை வாழைப்பழம் மாதிரி வந்தது. அதுக்கு ஆர் காசு தாறது?

பழைய பாஸ்:
வாள் வளைஞ்சு போனது பார் தேஞ்சதாலை. பார் தேஞ்சது ஒயில் வராததாலை. ஒயில் வராதது கழிவு ஒயிலாலை. சுத்திச் சுத்திச் சுப்பற்றை கொல்லைக்கை.

சரி, அந்த முதிரை எங்கை தறிச்சது எண்டும் சொல்லும். பேமிட் ஆற்றை பேரிலை?

ஒட்டுசுட்டான் பெடியன்:
ஆர் கேக்கிறது? எங்கடை சொந்த வளவு மரம். உறுதி இருக்கு. 2019இலை செயின்சோ இறக்குமதியை நிறுத்தப்போறன் எண்டு சனாதிபதி சொன்ன கிழமை, கடையிலை இருந்த வாளெல்லாத்தையும் வாங்கி அடுக்கினது ஆர் எண்டு மாங்குளச் சந்தியிலை கேட்டால் சொல்லுவாங்கள்.

பழைய பாஸ்:
நாலு வாள் வாங்கினன். காசு குடுத்து வாங்கினன். கடன் சொல்லி வாங்கேல்லை.

மட்டுறுத்துனர்:
அன்பர்களே, பேமிட், கடன், தனிப்பட்ட கணக்குகளை உட்பெட்டியில் பேசவும். தலைப்புக்குள் நில்லுங்கள்.

ஒட்டுசுட்டான் பெடியன்:
தலைப்பு வெள்ளைப் பிளாஸ்ரிக் சக்கரம். நான் மட்டும்தான் அதுக்குள்ளை நிக்கிறன்.

இலக்கணச் சித்தர்:
"சக்கரம்" என்பதும் பொருந்தாது. பற்சக்கரம்.

முழங்காவிலான்:
சண்டைக்குள்ளை ஒரு உதவி. என்ரை வாளிலையும் ஒயில் வரேல்லை. இதுவும் விலைகூடின வாள்தான், மச்சான் குவைத்தாலை வரேக்கை கொண்டந்தது. இப்ப முத்தத்திலை கழட்டிக்கொண்டிருக்கிறன். கிளச் அசையுதே இல்லை.

பழைய பாஸ்:
எந்தப் பக்கம் சுத்துறீர்? அது இடப்புரி. மணிக்கூடு சுத்துற பக்கம் சுத்தினால்தான் கழரும், மற்றப் பக்கம் இன்னும் இறுகும். பிஸ்ரன் சுத்தாமல் மறிக்கப் பிளக் ஓட்டைக்குள்ளாலை முடிச்சுப் போட்ட கயிறு விடும். ஸ்குரூட்றைவர் விடாதையும். விட்டால் பிஸ்ரன் ஓட்டையோடைதான் என்னட்டை வருவீர்.

முழங்காவிலான்:
கழண்டிட்டுது அண்ணை. மெத்தப் பெரிய உபகாரம்.

ஒட்டுசுட்டான் பெடியன்:
சக்கரத்தின்ரை படத்தைப் போடு மச்சான். எல்லாரும் பார்க்கட்டும்.

முழங்காவிலான்:
சக்கரம் வெள்ளைதான். ஆனால் பல்லு ஒண்டும் போகேல்லை, புதுசு மாதிரி இருக்கு. ராங்கிலை இருந்து பம்புக்கு வாற குழாய்தான் வெடிச்சிருக்கு. உள்ளுக்கை முழுக்கக் கறுத்தக் களி.

ஒட்டுசுட்டான் பெடியன்:
பார்த்தியளோ! குழாயும் பிளாஸ்ரிக்!

பழைய பாஸ்:
அது ரப்பர் தம்பி. ரப்பர். களி எண்டு அவர் எழுதினதை வாசிக்கேல்லையோ?

ஒட்டுசுட்டான் பெடியன்:
ரப்பரோ பிளாஸ்ரிக்கோ, இரும்பில்லைத்தானே.

பழைய பாஸ்:
முழங்காவிலான், ஒரு கேள்விக்கு மட்டும் மறுமொழி தாரும். என்ன ஒயில் விட்டனீர்?

பழைய பாஸ்:
முழங்காவிலான்?

பழைய பாஸ்:
பச்சை விளக்கு எரியுது, ஆள் இருக்கிறார்.